அமுக்கம் என்று சொன்னவள்

எங்கள் கரடியனாற்றுப் பக்கத்தில் ஒருவரை அமுக்கமான ஆள் என்றால், வாயைத் திறக்காமல் எதையோ ஒளிக்கிறவர் என்று பொருள். அதனால்தான், மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, சைக்கிளில் வந்த மருத்துவமாது என் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்துவிட்டு, "அக்கா, உங்களுக்கு அமுக்கம் கூட இரிக்கு" என்றதும் எனக்குச் சுருக்கென்றது.

சண்டைக் காலம். என் தம்பி இயக்கத்துக்குப் போயிருந்தான். அதை அயலுக்குக்கூட நாங்கள் சொன்னதில்லை. இவளோ கிழமைக்குக் கிழமை ஆமியின் சாவடியைத் தாண்டி வருகிறவள். அங்கே என்ன பேசுகிறாளோ, ஆர் கண்டது?

"ராவில நித்திரை வருதா? தலை இடிக்குதா? கண்ணுக்குள்ள மின்னுதா?"

ராவில் எங்கள் வீட்டில் ஆர் விழித்திருக்கிறார்கள் என்று அறியத்தான் கேட்கிறாள் என்று எண்ணினேன். தலை பிளந்துகொண்டிருந்தது. "ஒண்டுமில்ல" என்றேன்.

அவள் என் காலை விரலால் அழுத்தினாள். குழி விழுந்து அப்படியே நின்றது. "வாய் இல்லெண்டுது, கால் ஓமெண்டுது. உடன டவுன் ஆஸ்பத்திரிக்குப் போங்க."

என் புருசன்தான் பயந்து உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு போனார். வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள். பொம்பிளைப் பிள்ளை.

அதோடு முடிந்தது என்று வீட்டுக்கு வந்தால், அவள் மறுபடி பட்டியோடு நின்றாள். பிள்ளை பிறந்த துடக்கு வீட்டுக்குள், தீட்டென்று சொந்தக்காரரே கால்வைக்க யோசிப்பார்கள். இவளுக்கு என்ன இவ்வளவு அவசரம்?

"பெத்தாச்சே, இனி எதுக்குகா?" என்றார் என் தாய்.

"பெத்த பிறகும் ஏறும் அம்மா. வலிப்பு வந்தாத் தாய் தப்பாது."

காற்று இறங்க இறங்க அவள் முகம் மாறியது. "அக்கா, அமுக்கம் இன்னும் கூடிட்டு. உண்மையச் செல்லுங்க, மின்னுதா?"

அந்த நேரம் அவள் முகமே எனக்குப் பாதிதான் தெரிந்தது. மடியில் பிள்ளை பாலுக்கு வீரிட்டது.

"நான் எதை ஒளிச்சனெண்டு அமுக்கம் அமுக்கமெண்டுறா? ஆருக்குப் போய்ச் செல்லப்போறா நீ?" கேட்டேவிட்டேன்.

அவள் திகைத்தாள். பிறகு சிரித்தாள். "ஐயோ அக்கா! ரத்தம் அமுக்குறது. பிரசர்! டொக்டருக்குத்தான் செல்லுவன்."

"பிரசரெண்டு முதலே செல்றதுக்கென்ன? மின்னுது. தலையும் இடிக்குது."

உழவு மெசினை மறுபடி கிளப்பினார்கள். அவளும் ஏறிக்கொண்டாள். சாவடியில் இறங்கிப்போய் ஆமிக்காரனோடு சிங்களத்தில் பேசினாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பிள்ளையை இறுக்கிக்கொண்டு, அவன் தடையை விலத்தும்வரை அவள் வாயையே பார்த்திருந்தேன்.