முப்பது முறை மடக்கி நீட்டவும்

முறிந்த எலும்பைச் சேர்த்துவைப்பது மருத்துவர் வேலை. சேர்ந்த எலும்பை மீண்டும் பிழைப்புக்கு அனுப்பிவைப்பது இயன்முறையாளர்களான எங்கள் வேலை. முன்னதற்கு நோயாளி அசையாமல் படுத்திருந்தால் போதும். பின்னதற்கு அவரே உழைக்க வேண்டும். அதுவும் வலியோடு, நாள்தோறும், யாரும் பார்க்காதபோதும். 'வீட்டில் தவறாமல் செய்கிறேன்' என்று சொல்லிவிட்டு வந்து பாயில் சாய்ந்துகொண்ட அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். வெட்கப்பட வேண்டாம். நீங்கள் செய்தவற்றையெல்லாம் சங்கரன்கோவிலில் உங்களுக்கு முன்பே செய்து முடித்துவிட்டார்கள்.

எழுபதுகளின் இறுதியில் அவ்வூர் எலும்பு மருத்துவமனை ஒன்றின் பின்னறை எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு கட்டில், பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு மரக்கம்புகள், எடை எழுதிய மணற்பைகள், தோள் பயிற்சிக்காகச் சுவரில் பொருத்திய ஓர் இரும்புச் சக்கரம்: இவையே என் உடைமைகள். வந்தவர்களுக்கு நான் 'எக்சர்சைஸ் டீச்சர்'.

கை செய்த குற்றம்

சங்கரலிங்கம் குழித்தறி நெசவாளர். சைக்கிளிலிருந்து விழுந்ததில் முழங்கால் சில்லு உடைந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது கால் விறகுபோல் நீண்டபடியே நின்றுவிட்டது. குழித்தறியில் நெய்பவர் பள்ளத்தின் விளிம்பில் அமர்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டு, இரண்டு மிதிகளையும் மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். முழங்கால் செங்கோணத்துக்கு மடங்காவிட்டால் தறி இல்லை. தறி முதலாளி அம்மன் கோயிலின் ஆடித்தவசுத் திருவிழா வரை பொறுப்பதாகவும், அதன்பின் வேறு ஆளை இறக்கிவிடுவதாகவும் சொல்லியிருந்தார். அப்போது வைகாசி பிறந்திருந்தது.

எவ்வளவு முயன்றும் மடங்கியது நாற்பது பாகையே என்று என் கோணமானி காட்டியது. காலுக்கு மட்டுமன்றி, ஆறு வாரம் படுத்ததில் தளர்ந்துபோன தோள், கை, இடுப்பு ஆகியவற்றுக்கும் பயிற்சி வகுத்து, காலையில் முப்பது முறை, மாலையில் முப்பது முறை என்று வரிசை எண்ணிட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் தாளை இருமுறை படித்தார்.

"உடைஞ்சது முழங்காலு. கையும் இடுப்பும் என்ன குத்தம் செஞ்சுது டீச்சர், அதுகளையும் சேத்துத் தண்டிக்கீக?"

பதிலாள்

இரண்டு வாரம் கழித்து வந்தார். வீட்டு நோட்டில் ஒரு வேளைகூட விடாமல் குறியிட்டிருந்தது. அழகான குறிகள். ஆனால் முழங்கால் அதே நாற்பதில் நின்றது. எனக்கு ஐயம் எழுந்தது. மூன்றாம் பயிற்சியைச் செய்து காட்டுமாறு கேட்டேன். அவர் காலை எந்தப் பக்கம் திருப்புவது என்றே தெரியாமல் விழித்தார். பின்னால் நின்ற அவர் மனைவி கோமதி, "அப்படி இல்ல, குதிகால ஊனிட்டுல்லா மடக்கணும்" என்று சொல்லித் தரையில் அமர்ந்து, நான் கற்பித்ததைவிடத் திருத்தமாகச் செய்து காட்டினார்.

செய்தி வெளிவந்தது. கணவர் வலியில் முகம் சுளிப்பதைக் காணப் பொறுக்காமல், இரு வேளையும் முப்பது முப்பதாகக் கோமதியே செய்து, குறியும் இட்டிருக்கிறார். அதில் அவருக்கு ஒளிவுமறைவு ஏதும் இல்லை. ஆடித்தவசுக்குக் கொடியேறியதும் கோயிலை நூற்றெட்டுச் சுற்று வருவதாக நேர்ந்துகொள்வது அவ்வூர் வழக்கம். முந்தைய ஆண்டு மாமியாருக்கு உடம்பு முடியாமற்போனபோது அவருக்குரிய சுற்றுகளைக் கோமதியே சுற்றி முடித்திருந்தார். ஒருவர் உடம்புக்கு மற்றொருவர் உடம்பு ஈடாகாது என்று நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"அம்மனே ஏத்துக்கிட்டா. நீங்க ஏன் டீச்சர் ஏத்துக்க மாட்டேங்கீக?"

சுவரில் ஓடிய பேருந்து

அந்நாளில் மாடசாமி என்னும் பேருந்து ஓட்டுநரும் தோள் இறுகிப்போய் என்னிடம் வந்துகொண்டிருந்தார். சுவர்ச் சக்கரத்தை ஐந்து முறை சுற்றுவார். ஆறாவதற்குள் கை வலிக்கிறது என்று நிறுத்திவிடுவார். ஒருநாள் நான் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது சக்கரம் முழு வட்டமாகச் சுழன்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் வாயால் ஒலிப்பான் அடித்து, திருப்பத்தில் நின்ற மாட்டை வைது, கரிவலம்வந்தநல்லூரை நெருங்கிக்கொண்டிருந்தார். வாசலில் நின்று எண்ணினேன், இருபத்தாறு சுற்று.

கட்டிலில் கால் நீட்டியிருந்த சங்கரலிங்கம், "அண்ணாச்சி, கரிவலத்துல ஒரு எறக்கம்" என்றார். ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மடங்காத காலோட எப்படிவே எறங்குவீரு? பேசாம டெப்போ வரைக்கும் இரும்."

கட்டிலுக்கடியில் தறி

அன்று மாலையே கோமதியை அனுப்பிப் பழைய தறி மிதிகள் இரண்டை வரவழைத்தேன். கட்டிலின் பக்கச் சட்டத்தில் கப்பிகள் பொருத்தி, ஒவ்வொரு மிதியையும் ஒரு மணற்பையோடு கயிற்றால் இணைத்தேன். மிதித்தால் பை ஏறும்; விட்டால் இறங்கும். சங்கரலிங்கத்தைக் கட்டில் விளிம்பில் அமர்த்தி, "நெய்யுங்கள்" என்றேன். முதல் நாள் நல்ல காலாலேயே சமாளிக்கப் பார்த்தார். அசையாமல் தொங்கிய மற்றொரு பை அவரைக் காட்டிக்கொடுத்தது. நான்காம் நாள் வலி மறந்து, குறுக்கு நூலை ஓட்டும் நாடாவின் இல்லாத கயிற்றை இழுக்கக் கையும் தானாக ஆடத் தொடங்கியது.

ஐம்பத்தைந்து, எழுபது, எண்பது என்று ஆனி முழுவதும் கோணம் விரிந்தது. விளிம்பில் கையூன்றி உடம்பை உயர்த்திக் குழிக்குள் இறங்கிப் பழக வேண்டிய நாள் வந்தபோது, கைப்பயிற்சிகளையும் முணுமுணுக்காமல் செய்தார். கோமதி அவருடைய பயிற்சியைத் தொடக் கூடாதென்று நான் கண்டித்துச் சொல்லியிருந்தேன். மாத இறுதியில் கோமதி தனியே வந்து நின்றார்.

"அவுக தாள அவுககிட்டயே குடுத்துட்டேன் டீச்சர். ஆனா அதச் செஞ்சதுல எனக்கு இடுப்பு வலி போயிட்டு. எம் பேருக்கு ஒரு தாளு எழுதித் தாங்க."

தேர்வு நாள்

கொடியேறிய மறுநாள் தறிக்கூடத்துக்கு நானும் சென்றேன். கையில் கோணமானி இருந்தது. தொண்ணூறு பாகை என்று எழுதி மருத்துவர் கையொப்பமிட்ட தாளும் இருந்தது. முதலாளி தாமும் முன்னாளில் நெய்தவர். என் தாளை வாங்கி, படிக்காமலே மடித்து வைத்துக்கொண்டு, கூடத்துக்கு வெளியே முதுகைக் காட்டி அமர்ந்தார். சங்கரலிங்கத்துக்குப் பதிலாக இறங்கவிருந்தவரும் அருகில் வந்து நின்றார். உள்ளே சங்கரலிங்கம் கையூன்றிக் குழிக்குள் இறங்கினார். கோமதி தூணைப் பிடித்துக்கொண்டார்.

தறி ஓடத் தொடங்கியது. ஒரு மிதி அழுத்தமாகவும் மற்றது சற்றுப் பிந்தியும் விழுவது எனக்கே கேட்டது. முதலாளி தலையைச் சாய்த்துக் கேட்டார். அரை முழம் நெய்திருப்பார். பிந்திய மிதி மெல்ல மெல்ல முந்தியதோடு ஒட்டிக்கொண்டது. அதன்பின் எது எந்தக் கால் என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. மேலும் சிறிது நேரம் கேட்டிருந்துவிட்டு, காத்து நின்றவரிடம் முதலாளி சொன்னார்:

"ரெண்டு காலும் ஒண்ணு போலக் கேக்கு. நீ வேற தறி பாரப்பா. இறங்குனவன நான் ஏத்த மாட்டேன்."

கோணமானியால் அளந்து, கையொப்பம் வாங்கி நாங்கள் எழுதிக் கொடுக்கும் சான்றைவிட, கதவுக்கு வெளியே முதுகைக் காட்டி அமர்ந்திருக்கும் ஒரு காது பெரிய அதிகாரி என்பதை மட்டும் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தர மறந்துவிட்டார்கள்.