டிரயல் ரூமில் ஆறுமணிக்குருவி

பழங்காநத்தத்தில் பெண்களுக்கான தையல் கடை வைத்திருக்கிறேன். ஐப்பசியில் ஒரு நாள் காலை, பிளவுஸைப் போட்டுப் பார்க்கத் திரைக்குப் பின்னால் போன கல்யாணப் பெண் ஒருத்தி, போன வேகத்தில் வெளியே வந்தாள்.

"அக்கா, உள்ள ஏதோ குதிக்குது!"

எலி என்று நினைத்து விளக்குமாற்றோடு எட்டிப் பார்த்தேன். ஸ்டூலுக்கு அடியில் ஒரு குருவி. வால் என்று பேருக்கு ஒரு துண்டு. பச்சை முதுகு, தோளில் நீலம், கண்ணில் மை தீட்டியது போலக் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. இருபது வருடமாக மேட்சிங் துணி தேடுகிற எனக்கே இந்தச் சேர்க்கை தோன்றியதில்லை.

பக்கத்து டீக்கடை அண்ணன் வந்து, "கிளிக்குஞ்சும்மா இது" என்று அடித்துச் சொல்லி, கொஞ்சம் பொட்டுக்கடலையும் வைத்தார். குருவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என்னிடம் துணி தைக்கக் கொடுக்கும் அறிவியல் டீச்சருக்குப் படம் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"அது ஆறுமணிக்குருவிக்கா. இமயமலைப் பக்கமிருந்து வருது. காட்டுக்குள்ள புழு பூச்சி தின்னுட்டுத் திரியும். இம்புட்டு தூரம் பறந்ததுல களைச்சுப் போயிருக்கும். லைட்டை அணைச்சுட்டு அப்படியே விடுங்க. சாயங்காலம் வாரேன்."

கல்யாணப் பெண் வீட்டுக்குப் போகவில்லை. திரைக்கு முன்னால் நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டாள். மதியம் அவள் அம்மா போன் செய்தார்.

"பிளவுஸு போட்டுப் பாத்தியா, இல்லையா?"

"இல்லம்மா, உள்ள ஒருத்தர் தூங்குறாரு."

கால் மணி நேரத்தில் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். முகத்தில் அப்படி ஒரு கோபம். திரையை விலக்கிப் பார்த்தவர், சத்தமே போடாமல் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் டீச்சர் துண்டைப் போட்டுக் குருவியைப் பிடித்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்தார். நாலு பேரும் அவருடைய பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பின்பக்கம் புங்க மரங்கள். தரையெல்லாம் நனைந்த சருகு. பெட்டியைத் திறந்ததும் குருவி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு இரண்டு குதி. ஒரு சருகைப் புரட்டியது. நீளமாக ஒரு மண்புழுவை இழுத்து விழுங்கியது.

எங்களை அறியாமல் கைதட்டிவிட்டோம். அது மிரண்டு புதருக்குள் ஓடியது.

"ஷ்ஷ்!" என்றார் டீச்சர், தானும் தட்டியதை மறந்து.

"சாப்பிட்டுச்சுல்ல, அது போதும்" என்றார் கல்யாணப் பெண்ணின் அம்மா.