தக்காளிக்கு ஒரு பூ மழை

தக்காளியும் காபிச் செடி மாதிரிதான் என்று நம்பினேன். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். போகப் போக எனக்கே சிரிப்பு வராது.

ஏற்காட்டில் காபி எஸ்டேட் ரைட்டர் நான், கணக்கெழுதும் வேலை. காபி பனிக்காலம் முழுக்கக் காய்ந்து கிடக்கும். பிறகு ஒரு மழை விழும். சில நாளில் மலையே வெள்ளையாகப் பூத்துவிடும். அதைப் பூ மழை என்போம். செடியைத் தாகத்தில் போட்டால்தான் பூக்கும் என்பது என் மண்டையில் ஏறிய ஒரே விவசாயம்.

மனைவி முழங்கால் ஆபரேஷனுக்குச் சேலம் போய், மகள் வீட்டில் படுத்திருந்தாள். வராந்தாவில் பழைய பெயிண்ட் வாளிகளில் அவள் வளர்த்த தக்காளி, கொத்தமல்லி, புதினா எல்லாம் என் பொறுப்பு.

"தெனமும் ஒரு சொம்பு தண்ணி ஊத்துங்க. வேறொண்ணும் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். வேறொன்றும் பண்ணாமல் இருப்பதுதான் எனக்கு வராத வேலை.

போனில் ஒருநாள் சொன்னாள்: "வலி நொம்பங்க. ஊட்டுக்கு வந்ததும் நம்ம தக்காளியில ஒரு ரசம் வெச்சுக் குடிக்கோணும்."

வேறெதையும் அவள் கேட்கவில்லை. கொத்துக் கொத்தாகப் பூக்க வைத்து அசத்துவதென்று தக்காளிக்குத் தண்ணீரை நிறுத்தினேன்.

செடிகள் தலை தொங்கின. எனக்கோ பெருமை. பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்ண்ணா, செடி வாடிக் கெடக்குதே, தண்ணி ஊத்தலீங்களா?"

"பூ மழைக்கு விட்டிருக்கேன்."

"தக்காளிக்கா? அப்ப கொத்தமல்லிக்கு எப்பங்க, ஐப்பசியிலயா?"

மேகம் வந்தது, கரடியூர்ப் பக்கம் கொட்டிவிட்டுப் போய்விட்டது. வராந்தாவுக்குக் கூரை இருக்கிறது, இங்கே பெய்தாலும் வாளியில் ஒரு சொட்டு விழாது என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று சாயங்காலம் நானே வருண பகவானாகி எல்லா வாளிகளுக்கும் ஹோஸ் பைப்பைப் பிடித்தேன். கை வலிக்கும்வரை பெய்தேன்.

காலையில் வாளிகளில் சேறு தளும்பியது. இரண்டு நாளில் இலைகள் மஞ்சளாகிச் சரிந்தன. டேபிள் ஃபேன் வைத்துக் காய வைத்தேன். குச்சி நட்டுக் கட்டினேன். கட்டிய இடம் நின்றது, மிச்சம் என்னைக் கும்பிட்டது. ஹாலுக்கும் வராந்தாவுக்குமாக வாளிகளைத் தூக்கி அலைந்ததில் என் முழங்காலும் போய்விடும் போலிருந்தது.

அவள் போட்டோ கேட்டாள். செடி நன்றாக இருந்தபோது எடுத்ததை அனுப்பினேன். மறுபடி கேட்டபோது மறுபடி அதே. உடனே போன் வந்தது.

"ஏனுங்க, செவுத்துல அந்தப் பல்லி அன்னிக்கிருந்து அதே எடத்துலயே உக்காந்திருக்குதே, அதுக்கும் முழங்கால் ஆபரேஷனுங்களா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டு வாளிகளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

மருமகன் காரில் கூட்டி வந்தார். அதற்குள் பூ மழை பெய்து, அடிவாரம் தாண்டி மேலே ஏறியதும் வழியெல்லாம் காபி பூத்திருந்ததாம். வாக்கரை ஊன்றி நேராக வராந்தாவுக்குப் போனாள். ஒரு தண்டைப் பிடித்தாள்; அழுகிய வேரோடு கையில் வந்தது.

"எல்லாமே போச்சுங்களா?"

"புதினா இருக்குது" என்றேன்.

தக்காளி ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. அன்று கடைத் தக்காளியில் ரசம் வைத்தேன். அவள் பாதி டம்ளர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.