கடைசித் துண்டு

மலையடிவார ஷெட்டில், கனிமம் தேடி மலையில் துளையிட்டு எடுத்த பாறைத் தண்டுகளுக்கு அப்பாதான் காவல். அம்மா போன பிறகு பேச்சுத்துணையும் அவைதான். வந்த கம்பெனியெல்லாம் வெள்ளியும் ஈயமும் துத்தநாகமும் கலந்து தண்டுகளில் நரம்புபோல ஓடிய குவார்ட்ஸ் கல்லை மட்டும் சோதனைக்கு அறுத்தெடுத்துவிட்டு, சுரங்கம் தோண்டக் கட்டுப்படியாகாது என்று கையை விரித்தன. கடைசியில் அதில் விரலளவு துண்டே மிஞ்சியது. அதை அப்பா தர மறுத்தார்.

“இதுவும் போச்சுன்னா, கிழவன் வெறும் கல்லைக் கட்டிக்கிட்டு அழுதான்னுதானே சொல்வாங்க?”

அவர் இறந்த மறுமாதம், புதிய கம்பெனியின் ஜியாலஜிஸ்டாக மகளே வந்தாள். ஷெட்டில் அவருடைய நாற்காலி அப்படியே கிடந்தது.

“அறுத்துடலாமாம்மா?” என்றார் கல் அறுக்கும் மிஷின்காரர்.

அப்பா செய்வதுபோல விரலை நனைத்துத் துண்டைத் தடவினாள். ஈயம் பளிச்சிட்டது.

“வேணாம்ணே. பக்கத்துலயே புதுசா துளை போடச் சொல்றேன். செலவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.”

துண்டைப் பெட்டியில் அதன் இடத்திலேயே வைத்தாள். இரண்டு பக்கமும் காலியாக இருந்தது.