வெட்டப்பட்ட வரி

2021 ஏப்ரல் 20, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்தேன். இஸ்திரிக்குப் பதினொரு துணி கட்டி, வழக்கம்போலச் சீட்டு எழுதி வைத்தேன். மறுநாள் இஸ்திரிக்காரரைக் கொரோனா தடுப்பூசிக்கு அழைத்துப்போக ஏற்பாடு. அவருக்குச் சர்க்கரை உண்டு. சம்மதிக்க வைக்கவே பத்து நாள் ஆயிற்று.

மூட்டையை வாங்கியவர் மறுத்துத் தலையை ஆட்டினார். "நா வர்ல சார். ஊசி போட்டுக்கினு ஜொரத்துல கெடந்தியாமே, என்னாண்ட சொல்லவேல்ல?"

அவருடைய போனில், யாரோ அனுப்பிய என் நாட்குறிப்புப் பக்கத்தின் படம் இருந்தது. 'ஊசி போட்ட இரவு காய்ச்சல் நூற்றொன்று. உடம்பெல்லாம் வலி.' அதற்கு அடுத்த வரி, 'மறுநாள் மாலை எல்லாம் சரி', வெட்டப்பட்டிருந்தது.

"இல்லன்னு சொல்லாத சார். துணிச் சீட்டுல இதே கையெய்த்துதான கீது?"

அந்தப் பக்கத்தை ஒருவருக்குத்தான் காட்டியிருந்தேன். ஆறு வருடமாக என்னோடு நடக்கும் மூன்றாம் மாடி நண்பர். ஊசிக்குப் பயந்திருந்தவர், அதைப் படித்த பிறகுதான் போட்டுக்கொண்டார்.

அவரிடமே போய்க் கேட்டேன். "அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஊசி விஷயமா ரெண்டு கட்சியா சண்டை சார். ஊசி போட்டா ஜுரம் வரும்னேன். ஆதாரம் எங்கன்னாங்க, அன்னைக்கு எடுத்த போட்டோவப் போட்டேன். இதுக்கா மூஞ்சத் தூக்கறீங்க?" என்று சிரித்தார். படத்தில் பொய் ஒரு சொல்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாளவில்லை.

மறுநாள் காலை ஏரிக்கரைக்குப் போகவில்லை. எழுந்ததும் நாட்குறிப்போடு இஸ்திரி வண்டிக்குப் போனேன். அவர் கரி பற்றவைக்கும் முன்பே, முழுப் பக்கத்தையும் விரித்து அவர் முன்னால் வைத்தேன்.