சாந்தோமிலிருந்து லஸ் வரை, உட்கார்ந்து உட்கார்ந்து

நான் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். பிறந்ததும் பாடம் நடத்தியதும் சாந்தோமில்தான். போன வருடம் நடைபாதையில் விழுந்து வலது முழங்காலில் அடிபட்டதிலிருந்து, பெங்களூரில் இருக்கும் மகள் ஜெசிந்தா தன்னோடு வந்துவிடச் சொல்லிக்கொண்டே இருந்தாள். தை மாதம் கையோடு அழைத்துப்போகவே வந்துவிட்டாள்.

"இந்த ஊர்ல உன்னால தனியா நாலு தெரு நடக்க முடியாதும்மா. லஸ் மாதா கோயில் வரைக்கும் வண்டியில போகாம வந்து காட்டு. அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

சரி என்றேன். அந்தச் சனிக்கிழமை நடந்த நடை இது. முழங்கால் வலியோடு மயிலாப்பூரைப் பார்க்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

தூரம் சுமார் இரண்டே கால் கிலோமீட்டர். பெரிய கணக்கைத் துண்டு துண்டாக உடைத்துத்தானே போடுவோம்? நான் வழியை உட்காரும் இடங்களாக உடைத்துக்கொண்டேன்.

காலை 6.20க்குச் சாந்தோம் பேராலயத்துக்குப் பின்னால் இருக்கும் கடற்கரையில் நின்றேன். சூரியன் எழுந்ததும் கச்சேரி சாலைக்குத் திரும்பினேன். எட்டு மணிக்கு மேல் இங்கே நடைபாதையையும் பைக்குகள் எடுத்துக்கொள்ளும், அதற்குள் போய்விடுங்கள். பாதி வழியில் இஸ்திரி வண்டிக்காரர் ஒருவரிடம் உட்கார இடம் கேட்டேன். பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டார். அது முதல் இடம்.

இரண்டாவது, கபாலீஸ்வரர் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே. பூக்காரம்மா தன் முக்காலியை நகர்த்தினார்.

"குந்துமா. கோபுரம் இன்னா ஓடியா பூடப் போவுது?"

காலை வெயில் நேராக அந்தக் கோபுரத்தின் மேல்தான் விழுகிறது. நின்று பார்ப்பவர்கள் இரண்டு படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். உட்கார்ந்த எனக்கு ஒவ்வொரு நிலையாக வெளிச்சம் இறங்குவது தெரிந்தது. இருபது ரூபாய்க்கு ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு, வடக்கு மாடவீதி வழியாகக் குளத்தைப் பார்த்துவிட்டு லஸ் பக்கம் நடந்தேன்.

அங்கேதான் என் கணக்கு தப்பியது. மூன்றாவது இடமாகக் குறித்து வைத்திருந்த பேருந்து நிறுத்தத்தில், ஏதோ வேலைக்காக இருக்கையைப் பெயர்த்து எடுத்திருந்தார்கள். முழங்கால் மடங்க மறுத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கைப்பேசியில் ஜெசிந்தாவின் பெயரைக்கூட எடுத்துவிட்டேன்.

ஓர் ஆட்டோ வந்து நின்றது.

"எங்க ஆயா போவணும்?"

"ஆயா இல்ல, டீச்சர். எங்கயும் போக வேணாம். பத்து நிமிஷம் உட்காரணும், அவ்வளவுதான். வண்டி நகரக் கூடாது."

"நகராத வண்டிக்கு மீட்டர் போடவா, வேணாவா?"

"என்னிக்குப் போட்டிருக்கீங்க?"

சிரித்துவிட்டார். சாவியை உருவி என் கையில் வைத்தார். "இந்தா டீச்சர். சாவி உன் கைல. பயப்படாம குந்து." பத்து நிமிடம் அந்தச் சாவியைப் பிடித்துக்கொண்டு பின் சீட்டில் காலை நீட்டியிருந்தேன். பணம் நீட்டியபோது, "சும்மா நின்னதுக்கு இன்னா காசு?" என்று சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

7.50க்கு லஸ் மாதா கோயில். ஒரு காலத்தில் சுற்றிலும் காடாக இருந்ததால் இதைக் காட்டுக் கோயில் என்பார்கள். வாசலில் ஜெசிந்தா. நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"ஆட்டோவுல ஏறினியா? அப்ப நீ தோத்துட்டே."

"பரீட்சையில ஒரு பொண்ணு பத்து நிமிஷம் டெஸ்க்ல தலை வச்சுப் படுத்தா, அவ பேப்பரை வேற யாராவது எழுதினதா அர்த்தமா? வண்டி ஒரு அடிகூட நகரல. முழு தூரமும் என் கால்தான் வந்துச்சு."

குனிந்து என் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மல்லிகையைக் கையிலிருந்து வாங்கி, "சரி, பெங்களூருக்கு ஒரு டிக்கெட்தான் போடுறேன்" என்றாள்.

இந்த வழியில் வருபவர்கள் தண்ணீரும் கைத்தடியும் கொண்டு வாருங்கள். ஓய்வோடு சேர்த்து ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் நடக்க முடியாது என்று யாராவது சொன்னால், அவர்கள் உட்கார இடம் கேட்டுப் பார்த்ததில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். நான் கேட்டேன். இன்னும் சாந்தோமில்தான் இருக்கிறேன்.