புல்லில் கட்டிய ஆள்

செஞ்சிக்கு மேற்கே, பஸ் ஏறாத மலைமேல் ஆனைப்புளி. பதினேழு வீடுகள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கார்த்திகைப் புயலில் மலை சரிந்து ஒன்பது வீடுகளை மூடியது. எட்டுப் பேரைப் பிணமாகத் தோண்டி எடுத்தார்கள். வேங்கடேசன் மட்டும் கிடைக்கவில்லை. அவர் மனைவி கிருஷ்ணவேணியும் நானும் இப்போது கீழே தகரக் கொட்டகையில் பக்கத்துப் பக்கத்து வீடு.

அன்றைக்கு, "மல்லாட்டை நனையுது மாமா, தார்ப்பாய போட்டுட்டு ஜல்தியா வந்துடு" என்று, வேர்க்கடலை கிடந்த வீட்டுக்குக் கீழேயிருந்து அவரை அனுப்பியவள் அவள்தான். அதை யாரிடமும் மறைத்ததில்லை. ரேஷன் கடையில் அரிசி கேட்கிற குரலிலேயே சொல்வாள். குளிப்பாள், குங்குமம் வைப்பாள், கரும்பு வெட்டப் போவாள். கல் நெஞ்சுக்காரி என்றார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, வாயா வலிக்கப் போகிறது?

"ஒரு வாட்டியாவது அழுதுடேண்டி" என்று நானே கேட்டிருக்கிறேன்.

"வரலக்கா. வந்தா அழுவ மாட்டனா?"

மகள் சங்கவிக்குத் திண்டிவனத்தில் மாப்பிள்ளை அமைந்தது. அப்பனுக்குக் கருமம் முடிக்காமல் பந்தக்கால் நடக் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் ஒரே பிடியாக நின்றார்கள். உடம்பு கிடைக்காதவருக்குத் தர்ப்பையில் ஆள் கட்டிக் கொளுத்துவது எங்கள் வழக்கம். கொளுத்தினால் இவள் தாலியைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் கல்யாணம் இல்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அவளுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

"நீ சொன்னாதான் செய்வேன் அண்ணி" என்றான் கொழுந்தன் ஜெகதீசன்.

"செய்யி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மலை ஏறினோம். மூடிய மண்மேல் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. ஜெகதீசன் தர்ப்பையைப் பிரித்து தலை, கை, கால் என்று கட்டினான். அவர் வேட்டி ஒன்றைக்கூட மண் விட்டுவைக்காததால், புதுசு வாங்கி அதற்குச் சுற்றினான். கிருஷ்ணவேணி யார் வீட்டுக் காரியமோ என்று தள்ளி நின்றாள். அவன் சூடம் ஏற்றினான்.

"இரு."

எல்லோரும் திரும்பினோம். மாட்டேன் என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன்.

அவள் புல்லாளின் பக்கத்தில் உட்கார்ந்து, தலையிலிருந்து கால்வரை முழம் போட்டாள்.

"உங்கண்ணன் இவ்ளோ குட்டை இல்ல, ஜெகதீசா. இன்னும் ஒரு முழம் வெச்சிக் கட்டு."

அவன் அவிழ்த்து மறுபடி கட்டினான். அதுவரை அவள் எழுந்திருக்கவில்லை. திரும்பவும் முழம் போட்டுப் பார்த்தாள்.

"இப்ப சரி" என்றாள். "கொளுத்து."